ஜேகுவெரி யூஐயின் விட்ஜெட் ஃபேக்டரி: புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பதை நம்பலாமா?

என் பிழைப்பு பழைய இணையப் பயன்பாடுகளைப் பராமரிப்பது. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்பவர்கள் சிலருக்கு ஆர்டர் பதிவு, நூல் வரவு, பீஸ் ரேட் கணக்கு என்று திரைகள் உண்டு. அத்தனையும் ஜேகுவெரி என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் ஓடுகின்றன. ரியாக்ட் மாதிரி புது லைப்ரரியில் மாற்றி எழுதலாமே என்று கேட்டால், ஓடுகிறதை எதற்கு நிறுத்தணும் என்பார் முதலாளி. பதில் சொல்ல முடியாது. அது ஓடத்தான் செய்கிறது.

அதனால் நான் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது புதுச் சரக்கு இல்லை. ஜேகுவெரி மேல் கட்டிய திரைச் சாமான்களின் தொகுப்பான ஜேகுவெரி யூஐக்குள் இருக்கும் விட்ஜெட் ஃபேக்டரி. டயலாக், டேப்ஸ், அக்கார்டியன் என்று கண்ணுக்குத் தெரியும் சாமான்களை விட்டுவிடுகிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளமாக ஒரு கோப்பு தனியாக இருக்கிறது. நம் சொந்த பிளகின்களை, அதாவது ஜேகுவெரியில் சேர்க்கும் கூடுதல் வசதிகளை, எழுதவும் அதே கோப்பைப் பயன்படுத்தலாம். அதற்கு ஜேகுவெரி மட்டும் இருந்தால் போதும். யூஐயின் மற்ற கோப்புகளும் வேண்டாம், ஸ்டைல் ஷீட்டும் வேண்டாம். இது தெரியாமலே யூஐ முழுவதையும் இறக்கி வைத்திருக்கும் பக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஃபங்ஷன்களை நேம்ஸ்பேஸ் (பெயர்கள் மோதாமல் இருக்கப் போடும் தனி அறை) பிரித்து அடுக்கித் தருகிறேன் என்ற வாக்கில் இந்த ஃபேக்டரி பாதியைத்தான் காப்பாற்றுகிறது. ஆனால் ஜேகுவெரியோடு குடித்தனம் நடத்தியே ஆக வேண்டும் என்றால், அந்தப் பாதிக்காகவே இதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்போம். ஜேகுவெரியில் பிளகின் எழுதுவது என்றால் எஃப்என் என்ற ஆப்ஜெக்டில் ஒரு ஃபங்ஷனை மாட்டிவிடுவது. அந்த எஃப்என் வேறொன்றும் இல்லை, ஜேகுவெரியின் புரோட்டோடைப்புக்கு, அதாவது எல்லாத் தேர்வுகளும் மெத்தட்களைப் பகிர்ந்துகொள்ளும் பொது ஆப்ஜெக்டுக்கு, வைத்த இன்னொரு பெயர். அதில் மாட்டிய எதையும் ஜேகுவெரியின் சுருக்கப் பெயரான டாலர் குறியைப் போட்டுத் தேர்ந்தெடுத்த, பக்கத்தின் எந்த எலிமெண்ட் (உறுப்பு) மீதும் புள்ளி வைத்துக் கூப்பிடலாம். ஜேகுவெரி இவ்வளவு பரவியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம். ஆனால் எல்லோரும் மாட்டுகிற இடம் ஒன்றே ஒன்று. அதற்குள் அறைகள் கிடையாது. நீங்கள் கிரிட் என்று ஒன்றை மாட்டினீர்கள், நான் அப்புறம் வந்து கிரிட் என்று இன்னொன்றை மாட்டினேன் என்றால் உங்களுடையது போய்விடும். எரரும் வராது, வார்னிங்கும் வராது. எந்த ஸ்கிரிப்ட் கடைசியில் ஏறியதோ அதுதான் ராஜா.

டாலர் குறிக்கே இந்தச் சண்டை நடந்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். புரோட்டோடைப் என்ற பெயரிலேயே ஒரு லைப்ரரி இருந்தது, அதுவும் டாலரைத்தான் பயன்படுத்தியது. அதனால்தான் டாலரைப் பழையவருக்கே விட்டுக்கொடுக்கும் நோகான்ஃப்ளிக்ட் என்ற மெத்தட் ஜேகுவெரியில் இருக்கிறது. வேர்ட்பிரஸ் இன்றைக்கும் தன்னிடமுள்ள ஜேகுவெரியை நோகான்ஃப்ளிக்ட் நிலையில்தான் ஏற்றுகிறது. வெளி வாசலில் நடக்கும் சண்டைக்கு ஜேகுவெரியே வழி வைத்திருக்கிறது. உள்ளே எஃப்என்னில் நடக்கும் சண்டைக்குப் பொதுவான வழி எதையும் வைக்கவில்லை.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பி இதைப் பார்த்ததும் கேட்டான்: "அண்ணா, நம்ம ஃபங்ஷன் எல்லாத்தையும் 'மில்'னு ஒரு ஆப்ஜெக்டுக்குள்ள போட்டு, அந்த ஆப்ஜெக்டைக் கொண்டுபோய் எஃப்என்ல மாட்டிட்டா முடிஞ்சுதே?" ஜேகுவெரியில் கை வைத்த எல்லோருக்கும் தோன்றும் யோசனைதான் இது. பார்க்கவும் அழகாக இருக்கும்: எலிமெண்ட், புள்ளி, மில், புள்ளி, வரிசையைப்பூட்டு. ஆனால் வேலை செய்யாது.

காரணம் திஸ். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மெத்தடைக் கூப்பிடும்போது, கடைசிப் புள்ளிக்கு உடனே இடப்பக்கம் என்ன இருக்கிறதோ அதுதான் திஸ் ஆகிறது. எஃப்என்னில் நேராக மாட்டிய ஃபங்ஷனுக்கு இடப்பக்கம் இருப்பது தேர்ந்தெடுத்த எலிமெண்ட்களின் தொகுதி. நடுவில் மில் என்று ஒன்றைச் செருகினால் இடப்பக்கம் இருப்பது மில். எந்த வரிசையைப் பூட்ட வேண்டும் என்பது ஃபங்ஷனுக்குத் தெரியாமல் போய்விடும். மில் என்பது புரோட்டோடைப்பில் கிடக்கும் ஒரே ஆப்ஜெக்ட். எல்லாத் தேர்வுகளுக்கும் அதுவே பொது. அதற்குள் யார் கூப்பிட்டார்கள் என்ற விவரத்தை வைக்க வழியில்லை.

சுற்றி வரும் வழிகள் உண்டு. மில்லை ஆப்ஜெக்டாக வைக்காமல் ஃபங்ஷனாக வைத்து, கூப்பிட்டதும் அந்தத் தொகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு உள் மெத்தட்களைத் திருப்பித் தரச் செய்யலாம். அப்போது மில்லுக்குப் பின்னால் ஒரு ஜோடி அடைப்புக்குறி கூடுதலாக வரும், அவ்வளவுதான். அடைப்புக்குறியும் வேண்டாம் என்றால் டிஃபைன்ப்ராப்பர்ட்டி கொண்டு, பெயரைத் தொட்டதுமே தானாக ஓடும் கெட்டராக்கிவிடலாம். இரண்டுமே ஓடும். இரண்டிலும் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் ஒரு புது ஆப்ஜெக்ட் பிறக்கிறது. புள்ளி வைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிடும் சங்கிலி அறுந்து போகாமல் இருக்க, உள் மெத்தட் ஒவ்வொன்றும் பழைய தொகுதியை நினைவாகத் திருப்பித் தர வேண்டும். ஒன்றில் மறந்தாலும் அதற்கு அடுத்துள்ள ஹைட், ஆட்கிளாஸ் போன்ற ஜேகுவெரி மெத்தட் வரியில் எரர் விழும். ஒருவரே எழுதி ஒருவரே பராமரித்தால் இந்த வழியில் தவறு சொல்ல மாட்டேன். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்துக்கு ஒத்துவராது.

ஜேகுவெரிக்காரர்களின் பிளகின் எழுதும் வழிகாட்டி வேறு மாதிரி சொன்னது: ஒரு பிளகின் எஃப்என்னில் ஒரு பெயருக்கு மேல் எடுக்கக் கூடாது. டூல்டிப் என்றால் டூல்டிப் மட்டும்தான். காட்டு, மறை, புதுப்பி என்ற மூன்றும் தனிப் பெயர்களாக மாட்டப்படாமல், டூல்டிப்புக்கு முதல் ஆர்கியுமெண்டாக ஸ்ட்ரிங்கில் போக வேண்டும். உள்ளே ஒரு மெத்தட் பட்டியல் இருக்கும். ஸ்ட்ரிங் அந்தப் பட்டியலில் இருந்தால் மிச்ச ஆர்கியுமெண்ட்களை அதற்கு அனுப்பு. ஆப்ஜெக்ட் வந்தாலோ எதுவுமே வராவிட்டாலோ இனிட் என்ற தொடக்க மெத்தடைக் கூப்பிடு. இரண்டும் இல்லை என்றால் எரர் காட்டு. பத்துப் பன்னிரண்டு வரி. அந்த வரிகளை அப்படியே நகலெடுத்துப் போட்ட பிளகின்கள் உலகத்தில் எத்தனையோ. நகலெடுத்தவர்கள் தங்கள் கைவண்ணத்தையும் சேர்த்ததில் ஒவ்வொன்றும் ஒரு தினுசாக நடந்துகொள்ளும். ஒன்றை இரண்டாம் தடவை தொடங்கினால் சும்மா இருக்கும், இன்னொன்று கிளிக் ஹேண்ட்லரை (கிளிக் செய்ததும் ஓடும் ஃபங்ஷனை) இன்னொரு முறை மாட்டிவிடும்.

விட்ஜெட் ஃபேக்டரி இந்த இடத்தில்தான் சம்பாதிக்கிறது. அதே ஸ்ட்ரிங் முறைதான், ஆனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு வரிகளை ஒழுங்காக ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் 'மில்' புள்ளி 'ஆர்டர்கிரிட்' என்று ஒரு பெயரும் மெத்தட்கள் கொண்ட ஆப்ஜெக்டும் கொடுத்தால் போதும். டாலரின் கீழ் மில் என்ற ஆப்ஜெக்டை உண்டாக்கி, அதற்குள் விட்ஜெட்டைப் பிறப்பிக்கும் ஆர்டர்கிரிட் என்ற கன்ஸ்ட்ரக்டரை வைக்கும். எஃப்என்னில் ஆர்டர்கிரிட் என்ற மெத்தடை மாட்டும். ஒவ்வொரு எலிமெண்டுக்கும் ஓர் இன்ஸ்டன்ஸை (அதற்கே உரிய விட்ஜெட் பிரதியை) உருவாக்கி, மில்-ஆர்டர்கிரிட் என்ற முழுப் பெயரில் அந்த எலிமெண்டின் டேட்டாவில் சேமிக்கும். அதே முழுப் பெயரில், எலிமெண்ட்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு செலக்டரும் கிடைக்கும். பக்கத்தில் எங்கெல்லாம் அந்த கிரிட் இருக்கிறதோ அவற்றை ஒரே வரியில் பிடித்துவிடலாம்.

தினமும் பயன்படுத்துகிறவனுக்குப் பிடித்த சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் இருக்கின்றன. அடிக்கோட்டில் தொடங்கும் மெத்தட் எதையும் வெளியிலிருந்து கூப்பிட முடியாது, அப்படி ஒரு மெத்தடே இல்லை என்று எரர் வரும். ஜாவாஸ்கிரிப்டில் பிரைவேட் என்பதே எட்டாக்கனியாக இருந்த காலத்தில் இது பெரிய ஒழுக்கம். தொடங்காத எலிமெண்டில் மெத்தடைக் கூப்பிட்டால், இன்னும் தொடங்கவே இல்லையே என்று விட்ஜெட்டின் பெயரோடும் மெத்தடின் பெயரோடும் சொல்லும். மெத்தட் எதையும் திருப்பித் தராவிட்டால் சங்கிலி தானாகத் தொடரும். மதிப்பு ஒன்றைத் தந்தால் அந்த மதிப்பு வரும். இரண்டாம் தடவை தொடங்கினால் புதிதாகப் பிறக்காது, இருக்கும் இன்ஸ்டன்ஸின் ஆப்ஷன்கள் மட்டும் மாறும். 1.9 பதிப்பிலிருந்து, மூல மெத்தடையும் உள்ளிருந்து கூப்பிடும் சூப்பர் வசதியும் உண்டு, யூஐயின் டயலாக்கையே அதே பெயரில் நீட்டி எழுதலாம். வாடிக்கையாளர் ஒருவருக்கு எல்லா டயலாக்கின் தலைப்பிலும் ஆர்டர் எண் வர வேண்டும் என்றார்கள். டயலாக்கை நீட்டி ஒரு மெத்தடை மாற்றினேன், கூப்பிடும் வரிகளில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

இனி குறை. ஆர்டர்கிரிட்டுக்கு முன்னால் மில் என்று எழுதினோமே, எஃப்என்னில் மாட்டும்போது அந்த மில் எங்கே? இல்லை. புள்ளிக்கு இடப்பக்கம் உள்ளதை உதறிவிட்டு வலப்பக்கத்தை மட்டும்தான் அங்கே மாட்டுகிறது. மில்.கிரிட், அக்கவுண்ட்ஸ்.கிரிட் என்று இரண்டு விட்ஜெட் எழுதினால் கன்ஸ்ட்ரக்டர்கள் தனித்தனியாகப் பத்திரமாக இருக்கும், டேட்டா சாவியும் தனித்தனி, செலக்டரும் தனித்தனி. ஆனால் எலிமெண்ட் புள்ளி கிரிட் என்று கூப்பிட்டால் பின்னால் ஏறியதுதான் வரும். நாம் நாள் முழுக்க எழுதும் வரி எதுவோ, அதே வரியில் நேம்ஸ்பேஸ் கைவிடுகிறது. இதற்கும் வார்னிங் கிடையாது.

சரி, மில்.ஆர்டர்.கிரிட் என்று மூன்றடுக்காக வைத்தால்? புள்ளியில் உடைத்து முதல் இரண்டு துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது துண்டு சத்தமில்லாமல் விழுந்துவிடும், உங்கள் விட்ஜெட்டின் பெயர் வெறும் ஆர்டர் ஆகிவிடும். எரர் காட்டியிருக்கலாம். இடப்பக்கப் பெயர் டாலரின் கீழ் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பார்க்காது, இருந்தால் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நேம்ஸ்பேஸுக்கு டேட்டா, ஈவெண்ட் மாதிரியான பெயர்களை வைக்காதீர்கள். அவை ஜேகுவெரியின் சொந்தப் பொருள்கள்.

இந்தப் பாதி நேம்ஸ்பேஸின் விளைவை உலகமே பார்த்த இடம் பூட்ஸ்டிராப் என்ற பக்க வடிவமைப்புத் தொகுப்பு. பட்டன், டூல்டிப் இரண்டும் ஜேகுவெரி யூஐயிலும் உண்டு, பூட்ஸ்டிராப்பிலும் உண்டு. இரண்டும் எஃப்என்னில் அதே பெயரைக் கேட்கும். பூட்ஸ்டிராப் தன் பிளகின் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோகான்ஃப்ளிக்ட் வைத்து, பழையவருக்கு இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு பெயரில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று தன் ஆவணத்திலேயே வழி சொன்னது. யூஐ பக்கத்தில் அப்படி ஒரு மெத்தட் இல்லை, பிரிட்ஜ் இருக்கிறது. விட்ஜெட்டின் பிரிட்ஜைக் கூப்பிட்டு 'யூஐபட்டன்' என்ற பெயரையும் யூஐயின் பட்டன் கன்ஸ்ட்ரக்டரையும் கொடுத்தால், எஃப்என்னில் யூஐபட்டன் என்று புதிதாக மாட்டித் தரும். கன்ஸ்ட்ரக்டர் மட்டும் நேம்ஸ்பேஸுக்குள் பத்திரமாக இருந்தது பாருங்கள், அந்தப் பாதி உதவுவது இங்கேதான்.

பூட்ஸ்டிராப் 5 வந்ததும் ஜேகுவெரி தேவையில்லை என்று ஆகிவிட்டதே, இந்தச் சண்டை ஒழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒழியவில்லை. பக்கத்தில் ஜேகுவெரி இருப்பது தெரிந்தால் அது இன்றும் தன் பிளகின்களை எஃப்என்னில் மாட்டுகிறது. வேண்டாம் என்றால் பாடி டேகில் அதற்கென்று ஓர் ஆட்ரிபியூட் போட வேண்டும். பழைய பயன்பாட்டின் வெளித்தோற்றத்தை மட்டும் புதுப்பிக்கச் சொல்லும்போது இந்த ஆட்ரிபியூட் உங்கள் ஒரு நாளைக் காப்பாற்றும்.

ஈவெண்ட் பக்கம் நிலைமை கலவையானது. ஜேகுவெரியின் சொந்த ஈவெண்ட் நேம்ஸ்பேஸ் நல்ல வேலைப்பாடு: கிளிக் புள்ளி மில் என்று மாட்டினால், கழற்றும்போது புள்ளி மில் என்று மட்டும் சொன்னாலே நம்முடைய ஹேண்ட்லர்கள் மட்டும் கழன்று வரும், அடுத்தவருடையதைத் தொடாது. கிளிக் புள்ளி மில் புள்ளி கிரிட் என்று எழுதினால் அது அடுக்கு இல்லை. இரண்டும் சம அந்தஸ்துள்ள அடையாளங்கள், ஏதாவது ஒன்றைச் சொன்னாலும் கழன்றுவிடும். விட்ஜெட் ஃபேக்டரி இதன் மேல் இன்னொரு படி ஏறுகிறது. ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் விட்ஜெட்டின் பெயரோடு ஓர் எண்ணையும் சேர்த்துத் தனி ஈவெண்ட் நேம்ஸ்பேஸ் கொடுக்கிறது. அதன் ஆன் மெத்தட் வழியாக மாட்டியவை, விட்ஜெட்டை டிஸ்ட்ராய் செய்யும்போது தானாகப் போய்விடும். மெமரி ஒழுகல் என்று திரையை மூடி மூடித் திறந்து தேடும் வேலை இதனால் எனக்கு வெகுவாகக் குறைந்தது. இந்த ஒரு வசதிக்கே நான்கு நட்சத்திரம் கொடுப்பேன்.

ஆனால் விட்ஜெட் தானாக வெளியிடும் ஈவெண்டின் பெயரில் மறுபடி நேம்ஸ்பேஸ் இல்லை. டயலாக் மூடினால் டயலாக்க்ளோஸ் என்ற ஒட்டுப் பெயர்தான். டிராகபிள் விட்ஜெட்டுக்கு முன்னொட்டு டிராக், தொடக்க ஈவெண்டுக்கு ஸ்டார்ட், சேர்த்தால் டிராக்ஸ்டார்ட். பிரவுசரின் சொந்த இழுத்துப்போடும் வசதியிலும் அதே பெயரில் ஓர் ஈவெண்ட் உண்டு! ஒரே பக்கத்தில் இரண்டையும் வைத்து, மேல் எலிமெண்டில் ஒரு ஹேண்ட்லர் மாட்டிப் பாருங்கள். எது யாருடையது என்று கண்டுபிடிக்க ஹேண்ட்லரின் இரண்டாம் ஆர்கியுமெண்ட் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் விட்ஜெட்டுக்கு ஈவெண்ட் முன்னொட்டை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்பதால், மில் என்ற சொல்லை அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஃபேக்டரியின் சொந்த வீட்டிலேயே அதற்குள் வராத பிள்ளை ஒன்று உண்டு: தேதியைத் தேர்ந்தெடுக்கும் டேட்பிக்கர். அது தனி முறையில் எழுதப்பட்டது. டாலர் புள்ளி டேட்பிக்கர் என்று ஒரே மேலாளர் ஆப்ஜெக்ட், அதற்குள் ரீஜனல் என்று மொழிகளின் பட்டியல். தமிழுக்கும் ஒரு கோப்பு இருக்கிறது, 'மூடு', 'இன்று' எல்லாம் தமிழில் வரும். ஆனால் மாதப் பெயர்களைப் பாருங்கள்: ஜனவரி இருக்க வேண்டிய இடத்தில் தை, பிப்ரவரிக்கு மாசி, டிசம்பருக்கு மார்கழி. ஜனவரி 1 அன்று திறந்தால் தை 1 என்று காட்டும் நாட்காட்டியை எந்த வீட்டுப் பாட்டியும் ஏற்க மாட்டாள், எங்கள் கணக்குப்பிள்ளை எப்படி ஏற்பார்? நல்லவேளை, ரீஜனல் பட்டியலில் தமிழுக்கான பகுதியை மட்டும் எடுத்து மாதங்களை மாற்றி எழுதலாம். நேம்ஸ்பேஸ் ஒழுங்காக அமைந்திருப்பதால் மற்ற மொழிகளுக்கு ஒன்றும் ஆகாது.

ஸ்ட்ரிங்கில் மெத்தடைக் கூப்பிடுவது பற்றியும் சொல்ல வேண்டும். எடிட்டர் உதவாது. ஒரு மெத்தடின் பெயரை மாற்றினால் அது எங்கெல்லாம் கூப்பிடப்படுகிறது என்று எடிட்டருக்குத் தெரியாது. மேற்கோளுக்குள் இருப்பதைக் கோப்பு கோப்பாகத் தேட வேண்டும். 1.11 பதிப்பில் வந்த இன்ஸ்டன்ஸ் மெத்தட் இதை ஓரளவு சரி செய்கிறது. இன்ஸ்டன்ஸை ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டால் அப்புறம் சாதாரண ஆப்ஜெக்ட் போல நேராகப் புள்ளி வைத்துக் கூப்பிடலாம். முன்பு சொன்ன கிரிட் சண்டைக்கும் இன்னொரு வழி உண்டு: எஃப்என் பக்கமே போகாமல், டாலர் புள்ளி மில் புள்ளி கிரிட் என்ற கன்ஸ்ட்ரக்டரை ஆப்ஷன்களும் எலிமெண்டும் கொடுத்து நேராகவே கூப்பிடலாம். புதிதாக எழுதும் இடங்களில் நான் இப்படித்தான் எழுதுகிறேன்.

இதையெல்லாம் இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர் எடுக்க வேண்டுமா? வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டின் சொந்த இஎஸ் மாட்யூல்கள் (கோப்புகளை இம்போர்ட் செய்து எடுத்துக்கொள்ளும் முறை) வந்தபின் பெயர் மோதும் பிரச்சினையின் வடிவமே மாறிவிட்டது; இம்போர்ட் செய்யும் இடத்தில் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். வரைபடங்கள் வரையும் டி3 லைப்ரரி இதில் எதிர்த்திசையில் போனது. அதன் பழைய பதிப்புகளில் ஸ்கேல் புள்ளி லீனியர் என்று உள்ளடுக்கு நேம்ஸ்பேஸ்கள் இருந்தன. 2016-இல் வந்த நான்காம் பதிப்பில் எல்லாவற்றையும் தட்டையாக்கி ஸ்கேல்லீனியர் என்று ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். பழக்கப்பட்டவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் தேவையான மாட்யூலை மட்டும் எடுத்துக்கொள்ள அதுதான் தோதாக இருந்தது.

ஜேகுவெரி யூஐ 2021 முதல் பராமரிப்பு நிலையில் இருக்கிறது. புது வசதிகள் வராது. பாதுகாப்புத் திருத்தங்களும் புது ஜேகுவெரியோடு ஒத்துப்போகச் செய்யும் மாற்றங்களும் வருகின்றன. என் மாதிரி ஆளுக்கு இது குறையே இல்லை, அடியில் இருப்பது அசையாமல் இருந்தால் நல்லதுதான். இறக்கும்போது அவர்கள் தளத்திலுள்ள டவுன்லோட் பில்டரில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு விட்ஜெட் என்ற ஒன்றை மட்டும் டிக் செய்யுங்கள், தீம் வேண்டாம் என்று வையுங்கள். விட்ஜெட் பெயரில் புள்ளிக்கு வலப்பக்கமும் உங்கள் முன்னொட்டைச் சேர்த்தே எழுதுங்கள்: மில்.மில்கிரிட். பார்க்க அசிங்கம்தான், எங்கள் தம்பி முகம் சுளித்தான். மோதல் வராது.